மாதுங்கா கிளையில் போடாத கையெழுத்து

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளையின் பெயர்ப்பலகையைக் கழற்றினோம். பன்மையில் எழுதுகிறேனே தவிர, அங்கே இருந்தது வக்கீல் ஜோஷியும் நானும்தான். அவர் ஸ்டூல் மேல் ஏறினார், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். திருகாணிகள் துருப்பிடித்திருந்ததால் அரை மணி நேரம் ஆயிற்று. மாதுங்கா பூக்கடைகளுக்குப் பின்னால், ஒரு டியூட்டோரியல் வகுப்புக்கு மேலே இருந்த சின்ன அறை அது. பலகையில் இங்கிலீஷ், மராத்தி, தமிழ் மூன்றிலும் சங்கத்தின் பெயர் இருந்தது. தென்னாட்டுக்காரர்களின் கடைகளில் கண்ணாடி உடைகிற காலம் இது. "தமிழ் எழுத்து தொங்கற வரைக்கும் என் கட்டடத்துக்கு யார் ஜவாப்தாரி?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் கிளை செத்தது அதனால் இல்லை. அது மூன்று வருஷத்துக்கு முன்பே செத்துவிட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரில் இருக்கிறவர்கள், என்ன சங்கம் என்று கேட்பீர்கள். கட்சி இல்லை, யூனியனும் இல்லை. அரசாங்கம் யாராயிருந்தாலும் தனி மனிதனுடைய உரிமையில் கை வைக்கக்கூடாது, பேசவும் எழுதவும் ஓட்டுப் போடவும் எவனுக்கும் தடை இருக்கக்கூடாது என்று நம்புகிற படித்தவர்கள் சிலர் சேர்ந்து நடத்தின லிபரல் சங்கம். தலைமை ஆபீஸ் தெற்கு பம்பாயில், ஃபோர்ட்டில். அங்கே பெரிய பாரிஸ்டர்கள், கல்லூரி முதல்வர்கள். மாதுங்கா கிளையில் நாங்கள் ஒன்பது பேர். தலைவர் ராமநாதன், ரிடையரான சரித்திரப் பேராசிரியர். சட்ட ஆலோசகர் ஜோஷி. நான் காரியதரிசி. காரியதரிசி என்றால் டைப் அடிப்பவள் என்று அர்த்தம். பகலில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். திருச்சியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து பதினேழு வருஷமாகிறது.

மாதம் ஒரு தீர்மானம் போடுவோம். எங்கோ ஒரு நாட்டில் ஒரு கவிஞனை ஜெயிலில் போட்டால் கண்டிப்போம். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவோம். போடுவார்கள், சில சமயம் போடமாட்டார்கள். யாருக்கும் கெடுதல் இல்லாத வேலை. அப்படியேதான் காலத்தை ஓட்டியிருப்போம். ஜோஷி ஒரு நாள், "நாம் பேசுகிற உரிமையெல்லாம் தாராவியில் யாருக்காவது தெரியுமா? அங்கே பாதிப் பேருக்கு ஓட்டே இல்லை" என்று சொன்னதில்தான் எங்களுக்கு நிஜமான வேலை ஆரம்பமானது.

2

தாராவிக்குள் நான் அதுவரை போனதில்லை. மாதுங்காவில் குடியிருக்கிறவர்கள் யாரும் போவதில்லை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள். காற்று திரும்பினால் பதனிடுகிற தோலின் வாடை மட்டும் எங்கள் சமையலறை வரை வரும்.

வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கிற பாரத்தை எடுத்துக்கொண்டு முதல் ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் போனோம். குடிசைக்கு நம்பர் இல்லை, சந்துக்குப் பெயர் இல்லை. 'அப்பா பெயர்' என்று கேட்டால், இது வரிக்கா, வீட்டை இடிக்கவா என்று கதவைச் சாத்தினார்கள். இரண்டு மணி நேரம் அலைந்து ஒரு பாரம்கூட நிரம்பவில்லை. அப்போதுதான் ஒரு பட்டறை வாசலில் உட்கார்ந்து தோல் பைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த ஆள் எங்களைக் கூப்பிட்டார்.

"எம்மா, நீங்க இங்கிலீஷ்ல கேட்டா இவுக என்னத்தச் சொல்லுவாக? இங்கன உக்காருங்க. நான் கூட்டிட்டு வாரேன்."

அவர் பெயர் மைதீன் பிச்சை. ஊர் மேலப்பாளையம். முப்பத்தைந்து வயதிருக்கும். சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்துப் பெண்களுக்கான கைப்பைகள் செய்து ஃபோர்ட் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் சந்து முழுக்க எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து எழுந்தது. அதற்கப்புறம் எல்லா ஞாயிறும் அவர் முன்னால் நடப்பார், நாங்கள் பின்னால் போவோம். யார் எந்த ஊர், எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், யாருடைய கிழவி பிறந்த வருஷம் தெரியாதவள் என்று எல்லாம் அவர் மனத்தில் இருந்தது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று அவர் பார்த்ததே இல்லை. குயவர் தெருவிலிருந்து தோல் ஷெட்டு வரை ஏறக்குறைய எல்லாச் சந்திலும் பேர் சேர்த்தோம்.

ஒரு தடவை நான் அவரிடம், "சட்டத்துக்கு முன்னாடி நீங்களும் கவர்னரும் ஒண்ணுதான், தெரியுமா?" என்று சொன்னேன். கூட்டங்களில் கேட்டுக்கேட்டு நாக்கில் ஊறிய வாக்கியம். அவர் சிரித்துக்கொண்டே அதை உள்ளே இருந்த மனைவியிடம் சொன்னார். "கேட்டியா சுலைகா? இனிமே நீ கவர்னர் பொஞ்சாதி."

தலைமை ஆபீஸ் எங்கள் கிளையைப் பாராட்டிக் கடிதம் எழுதியது. அதை நான் ஃபைலில் வைத்திருந்தேன்.

3

பாகிஸ்தானுடன் சண்டை மூண்ட வருஷம் அது. ஜன்னல் கண்ணாடிகளில் பழுப்புக் காகிதம் ஒட்டினோம். என் மகள் லதாவுக்கு அப்போது பதினொரு வயது. ஸ்கூலில் ஜவான்களுக்காகக் கம்பளிச் சதுரங்கள் பின்னச் சொன்னார்கள், வீடெல்லாம் நூல் கிடந்தது. கோஷங்களை ஹிந்தியில் கற்றுக்கொண்டு வந்து சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவாள். தமிழில் அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அதற்காக நானும் அவள் அப்பாவும் கவலைப்படுவதாகச் சொல்லிக்கொள்வோம், உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்க இருவருக்கும் நேரம் இருந்ததில்லை.

ஒரு ஞாயிறு மைதீனின் மனைவி சுலைகா கிளை அறைக்கு வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. கையைப் பிடித்துக்கொண்டு லதா வயசில் ஒரு பெண், ஜெய்னு. சுலைகா அதற்குமுன் தாராவியை விட்டுத் தனியாக வெளியே வந்ததில்லை என்று அப்புறம் தெரிந்தது. பூக்கடைக்காரர்களிடம் "டைப்பு அம்மா இருக்கிற ஆபீஸ்" என்று கேட்டுக்கேட்டு வந்திருக்கிறாள்.

"அவுகளப் புடிச்சுட்டுப் போயிட்டாக" என்றாள். "மத்தியானம், சோறு திங்க உக்காந்தாக. ஜீப்பு வந்துச்சு. பட்டறையப் பூட்டி சீல் வச்சுட்டாக."

"என்ன காரணம் சொன்னா?"

"எங்க அண்ணன் கராச்சியில இருக்காக. நாடு பிரியறதுக்கு முந்தியே தோல் யாவாரி ஒருத்தர்கிட்ட சமையல் வேலைக்குப் போனவுக. அவுக போட்ட லெட்டரெல்லாம் எடுத்துட்டுப் போனாக. ஒரு படத்த வச்சுக்கிட்டு இது எந்த எடம், எந்த எடம்னு கேட்டு அடிச்சாக. அது பையி அளவும்மா. அங்கன புதுசா ஒரு பையி வந்திருக்குன்னு எங்கண்ணன் வரைஞ்சு அனுப்புனது."

அந்தப் படத்தின் இன்னொரு பிரதியைப் பின்னால் நான் பார்த்தேன். இரண்டு நீள வட்டம், நடுவே வளைந்த பட்டை, ஓரங்களில் அங்குலக் கணக்கு. அது பை என்று சொல்லிக் காட்டினால்தான் பையாகத் தெரியும். சொல்லாமல் காட்டினால் கடலோரம் மாதிரி இருக்கும், ஓடுபாதை மாதிரியும் இருக்கும்.

சுலைகா அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "நீங்கதானம்மா சொன்னீக, சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணுன்னு. அதான் உங்ககிட்ட வந்தேன்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. தேசப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றும், கோர்ட்டுக்குப் போகிற உரிமையையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றும் ஜோஷி விளக்கினார். காவலை மறுபரிசீலனை செய்கிற அதிகாரிக்கு மனுப் போடலாம், அவ்வளவுதான் வழி. கிளையின் பெயரில் போட வேண்டும் என்றார்.

பேராசிரியர் ராமநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "என் பையன் எல்லையில இருக்கான். பதினெட்டு நாளா லெட்டர் இல்லை. கராச்சியிலேர்ந்து படம் வந்த ஆளுக்காக நான் கையெழுத்துப் போட்டேன்னு அவன் அம்மாகிட்ட எப்படிப் போய்ச் சொல்றது?" என்றார். 'யுத்த காலத்தில் அரசாங்கத்தைச் சங்கடப்படுத்தக் கூடாது' என்று தலைமை ஆபீஸிலிருந்தும் சுற்றறிக்கை வந்திருந்தது. கிளையாக எடுப்பதில்லை, தனிப்பட்ட முறையில் உதவுகிறவர்கள் உதவலாம் என்று தீர்மானம் ஆயிற்று. அந்தத் தீர்மானத்தையும் நான்தான் டைப் அடித்தேன்.

4

தனிப்பட்ட முறையில் மிஞ்சியது ஜோஷியும் நானும்.

போலீஸ் கண்ணில் படாமல் அரிசி டின்னுக்குள் கிடந்த ஐந்து கடிதங்களையும், பைப் படத்தின் அந்த இன்னொரு பிரதியையும், அந்த அளவில் மைதீன் தைத்து முடித்திருந்த ஒரு பையையும் சுலைகா கொண்டுவந்து கொடுத்தாள். கடிதங்களை ஜோஷியின் அறையில் உட்கார்ந்து படித்தேன். மழை இல்லை. எஜமானருக்குச் சர்க்கரை வியாதி. ஜெய்னுவைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடாதே. இங்கே பெண்கள் இந்த மாதிரிப் பை வைத்துக்கொள்கிறார்கள், மச்சான் செய்து பார்க்கட்டும், வாய் அகலம் ஒன்பது அங்குலம். இவ்வளவுதான் விஷயம். அன்று சாயங்காலமே இங்கிலீஷில் மொழிபெயர்த்து டைப் அடித்துவிட்டேன்.

ஜோஷி படித்துவிட்டு என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். "இதைப் படித்தால் எந்த அதிகாரிக்கும் புரிந்துவிடும். போலீஸ் கையில் இருக்கிற கடிதங்களைப் படிக்க அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. அதுதான் முடிச்சு. ஆனால் மொழிபெயர்த்தவர் மாஜிஸ்டிரேட் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். பெயர், கணவர் பெயர், அவருடைய உத்தியோகம், விலாசம்."

அந்தக் கடைசி வரியில்தான் என் கை நின்றது.

என் கணவர் டிராம்பே அணுசக்தி நிலையத்தில் மத்திய அரசாங்க வேலை பார்க்கிறார். என்ன வேலை என்று எனக்கே சரியாகத் தெரியாது. சொல்லக்கூடாது என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"கேஸ் நியாயமானதுதானா?"

"நூத்துக்கு நூறு. நானே படிச்சேன்."

"நீ கையெழுத்துப் போட்டா என்னைக் கூப்பிட்டுக் கேப்பா. கேட்டுட்டு விட்டாலும் விடலாம். கேட் பாஸைப் பிடுங்கி வேற எங்கயாவது தூக்கிப் போட்டாலும் போடலாம். எனக்குத் தெரியல்லை" என்றார். எழுந்து போகும்போது, "வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன். நீயே முடிவு பண்ணு" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

என் அப்பா லால்குடியில் பத்திர எழுத்தராக இருந்தவர். யாரோ ஒருவருடைய கிரயப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதற்காக ஏழெட்டு வருஷம் திருச்சி கோர்ட்டுக்கு நடந்தார். வாய்தா நாட்களில் விடியுமுன்னே எழுந்து அந்தப் பத்திரத்தின் நகலைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார். 'அடுத்தவன் காகிதத்தில் உன் பேர் இருக்கப்படாது' என்று அம்மா எங்கள் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். பம்பாய் வந்து, இங்கிலீஷ் படித்து, உரிமை பற்றித் தீர்மானங்கள் டைப் அடித்து, அந்தப் பயம் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

மூன்று நாள் கழித்து ஜோஷியிடம், என்னால் முடியாது என்று சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. "வேறு யாரையாவது பார்க்கிறேன்" என்றார். ஃபோர்ட்டில் கோர்ட் வாசலில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிற ஒரு தமிழரிடம் போனார். கராச்சி என்றதும் அவர் காகிதங்களைத் திருப்பி நீட்டிவிட்டாராம். தாராவிப் பள்ளிக்கூடத் தமிழ் வாத்தியாரும் மாட்டேன் என்றார். கடைசியில், மொழிபெயர்ப்பைக் கையெழுத்தில்லாமலே வைத்து ஜோஷி மனுவை அனுப்பினார்.

5

சண்டை நின்றது. ஜன்னலில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்தோம். பேராசிரியருடைய பையன் கையில் கட்டுடன் உயிரோடு திரும்பினான். எல்லோரும் போய்ப் பார்த்தோம், பாயசம் கொடுத்தார்கள். மைதீனை மட்டும் விடவில்லை. வெளியூர் ஜெயில் ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள்.

ஜனவரி வாக்கில் மனு திரும்பி வந்தது. 'இணைப்பிலுள்ள மொழிபெயர்ப்பில் மொழிபெயர்ப்பாளரின் பெயர், விலாசம், பிரமாணம் இல்லை. ஆகவே பரிசீலிக்க இயலாது' என்று இரண்டு வரி. ஜோஷி அதை என்னிடம் காட்டினார். அப்போதாவது நான் கையெழுத்துப் போட்டிருக்கலாம். சண்டை முடிந்துவிட்டது, பயமும் குறைந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் மாட்டேன் என்று சொல்லிவிட்டு அப்புறம் சரி என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும், அதுவும் என்னிடம் இல்லை. 'தமிழ் தெரிந்த அரசாங்க ஊழியர் ஒருவரைக் கொண்டு கடிதங்களைப் படிக்கவையுங்கள்' என்று ஜோஷி இன்னொரு மனு எழுதினார். அதை டைப் அடித்தேன்.

சுலைகா மாதம் ஒரு தடவை வருவாள். பட்டறைக்குப் போட்ட சீலை எடுக்கவில்லை. பக்கத்துச் சட்டைப் பட்டறையில் நூல் பிசிர் வெட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு நானும் லதாவைக் கிளை அறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். லதாவும் ஜெய்னுவும் மாடிப்படியில் உட்கார்ந்து வெகு நேரம் பேசினார்கள், எல்லாம் ஹிந்தியில். இரண்டு பேர் வீட்டிலும் தமிழ்தானே, ஏன் ஹிந்தியில் பேசினாய் என்று திரும்பி வரும்போது கேட்டேன்.

"அவ தமிழ் வேற மாதிரி இருக்கும்மா. என் தமிழைக் கேட்டு அவ சிரிக்கறா. ஹிந்தின்னா ரெண்டு பேருக்கும் ஈஸி" என்றாள் லதா. கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அவ அப்பா ஸ்பையாம்மா? ஸ்கூல்ல அப்படிச் சொல்லி அவ பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாளாம். ஸ்கூலையே விட்டுட்டாளாம்" என்றாள்.

"இல்லைடி. பை தைக்கறவர்."

"அப்படின்னா ஏன் யாரும் போய்ச் சொல்லலை?"

ரோடைக் கடக்கிற சாக்கில் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

மழைக்காலம் வந்தது. ஜூலையில் சுலைகா வரவில்லை. ஆகஸ்டில் வந்தபோது இடுப்பு காலியாக இருந்தது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்.

"போயிட்டாம்மா. வாந்தியும் பேதியுமா மூணு நாளு. சந்துக்குள்ள முட்டளவு தண்ணி. நாலாம் நாளு ஆஸ்பத்திரிக்கித் தூக்கிட்டுப் போனேன். முந்தியே கொண்டாந்திருக்கணும்னாக. அவுக இருந்தா முந்தியே தூக்கிட்டு ஓடியிருப்பாக."

ஜெயிலுக்குத் தந்தி கொடுத்திருக்கிறாள். பதில் இல்லை. குழந்தையின் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு வருஷமாக வந்துபோன குழந்தை, நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் கேட்டேன். "காசிம்" என்றாள்.

6

தீபாவளிக்கு முன்னால் மைதீனை விட்டுவிட்டார்கள். 'காவல் உத்தரவு ரத்து செய்யப்படுகிறது' என்று ஒரே வரி. பத்து நாள் கழித்துக் கிளை அறைக்கு வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. வலது கையில் இரண்டு விரல் சரியாக மடங்கவில்லை. ஜோஷி எழுந்து நின்று கை குலுக்கியபோதுதான் அது தெரிந்தது.

"என்னைய எதுக்குப் புடிச்சாகன்னு கேட்டேன். ஒரு ஆளும் சொல்லல்ல" என்றார். "எதுக்கு விட்டாகன்னும் கேட்டேன். அதையும் சொல்லல்ல."

அவர் கேட்டு வந்தது ஒரே ஒரு காரியம். தோல் மண்டிக்காரர்கள் சரக்குக் கொடுக்க மறுக்கிறார்கள். இடத்துக்காரர் பட்டறையைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறார். சந்தில் இவர் பேர் சேர்த்துவிட்ட ஆட்களே பேசப் பயப்படுகிறார்கள். "நான் தப்பு ஒண்ணும் பண்ணலன்னு ஒரு காயிதம் வேணும். சர்க்கார் காயிதம்."

ஜோஷி பொறுமையாக விளக்கினார். குற்றம் என்று ஒன்றை எழுதியிருந்தால் அது பொய் என்று கோர்ட் சொல்லியிருக்கும். எழுதவே இல்லை. ஆகவே குற்றமில்லை என்று எழுதிக்கொடுக்கவும் யாரும் இல்லை. மைதீன் இரண்டு தரம் கேட்டுப் புரிந்துகொண்டார்.

"அப்ப உங்க சங்கத்து சீல் வச்சு நீங்க குடுங்க."

பேராசிரியர் அதற்குள் ராஜிநாமா கொடுத்துவிட்டிருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. நான் உட்கார்ந்து டைப் அடித்தேன். இவரை நாங்கள் பல வருஷமாக அறிவோம், நேர்மையானவர், கிளைக்கு உழைத்தவர். கீழே என் பெயர், முழு விலாசம். கணவர் பெயரைக்கூட யாரும் கேட்காமல் எழுதினேன். ஒரு வாரத்தில் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். "சங்கம் சொன்னா ஆச்சா, போலீஸு சொல்லணும்ங்காக" என்றார்.

அன்று ஜோஷி இல்லை. நான் சொல்லிவிட்டேன். மொழிபெயர்ப்பில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான், போடவில்லை, அதனால்தான் முதல் மனு திரும்பியது, போட்டிருந்தால் மழைக்கு முன்னாலேயே நீங்கள் வீட்டில் இருந்திருக்கலாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என் டைப்ரைட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா. வக்கீலய்யா சொன்னாக" என்றார். "உங்க எடத்துல நான் இருந்தாலும்..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிப்பார் என்று வெகு நேரம் காத்திருந்தேன். எழுந்து, வாசலில் கழற்றியிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேம்மா" என்று போய்விட்டார். அந்த மாதமே குடும்பத்தோடு மேலப்பாளையம் போய்விட்டார்கள்.

அதன்பின் நாங்கள் தாராவிக்குப் போகவில்லை. அடுத்த பட்டியலுக்குப் பேர் சேர்க்க வேண்டும் என்று தலைமை ஆபீஸ் எழுதியது. ஒரு ஞாயிறு ஜோஷியும் நானும் பாரங்களுடன் அந்தச் சந்து முனை வரை போனோம். முன்பு எங்களுக்கு டீ கொடுத்த பெண் ஒருத்தி எங்களைப் பார்த்ததும் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வந்தோம். அன்றே கிளை முடிந்துவிட்டது. பலகை மட்டும் மூன்று வருஷம் கூடுதலாகத் தொங்கியது.

7

இதோடு முடித்திருப்பேன். இன்னும் ஒன்று இருக்கிறது.

மைதீன் ஊருக்குப் போய்ச் சில மாதம் கழித்து, கைப்பற்றிய கடிதங்களைத் திருப்பித் தருவதாக ஜோஷிக்குத் தகவல் வந்தது. அவர் வாங்கி வந்து, தபாலில் மேலப்பாளையத்துக்கு அனுப்பும்படி என்னிடம் கொடுத்தார். கட்டைப் பிரித்தபோது உள்ளே அவர்களுடையதல்லாத இரண்டு காகிதங்கள் இருந்தன, தவறுதலாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஒன்று, ஜோஷியின் இரண்டாவது மனுவின் பேரில், தமிழ் தெரிந்த ஊழியர் யாராவது முன்வரும்படி பல ஆபீஸ்களுக்குச் சுற்றுக்கு விட்ட குறிப்பின் நகல். போன தேதி ஜூன் மாதம். இன்னொன்று மொழிபெயர்ப்பின் கார்பன் நகல். முடித்த தேதி ஆகஸ்ட் கடைசி. கீழே ஒரு குமாஸ்தாவின் கையெழுத்து, முழுப் பெயர், ஆபீஸ், விலாசம். எல்லாம் தெளிவாக இருந்தது.

அவரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி மாதிரி வந்துவிட்டது. எனக்கில்லாத தைரியம் யாருக்கு இருந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம் லீவு போட்டுவிட்டு துறைமுகத்தை ஒட்டிய பல்லார்ட் பியரில் இருந்த அந்த ஆபீஸுக்குப் போனேன். மூன்றாவது மாடியில், மின்விசிறிக்கு நேர்க் கீழே, ஐம்பது வயதுக்காரர். மோர்சாதம் சாப்பிட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். நான் யார், எந்தக் கடிதங்கள் விஷயமாக வந்தேன் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. யாரும் கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"பை அளவு. ஆமாம். ஒரே நாள்ல முடிச்சுட்டேன். அதுல என்ன இருக்கு, ஒரு மத்தியான வேலை."

"உங்களுக்கு அதனால ஏதாவது தொந்தரவு வந்துதா?"

"ஒண்ணும் வரல்லை. யாரும் ஒரு வார்த்தை கேக்கல்லை. இதே சீட்டுதான்" என்றார். கைப்பிடிச் சுவரில் விரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா மாமி, அந்தக் குறிப்பு என் மேஜைக்கு ஜூன்லயே வந்துடுத்து. கராச்சின்னு பார்த்ததும் டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன். ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கறது, நமக்கேன்னு தோணித்து. ரெண்டு மாசம் உள்ளேயே வச்சிண்டிருந்தேன். அப்பறம் ஒரு நாள் மனசு கேக்கல்லை, எடுத்துப் பண்ணிட்டேன். இதை நான் ஆத்துலகூடச் சொன்னதில்லை."

ஜூலை மாதத்துத் தண்ணீர் என் கண்முன் வந்தது. முட்டளவு தண்ணீர், மூன்று நாள், நாலாம் நாள்.

"ரெண்டு மாசத்துல பெரிசா என்ன ஆயிருக்கப் போறதுன்னு சமாதானம் பண்ணிக்கறேன்" என்றார். என் முகத்தையே பார்த்தார். "அவர் நன்னா இருக்காரோல்லியோ? குழந்தை குட்டியெல்லாம்?"

உண்மையைச் சொல்ல வேண்டும், யாருக்கும் அஞ்சக்கூடாது என்று பத்து வருஷம் தீர்மானம் தீர்மானமாக டைப் அடித்தவள் நான்.

"ஊருக்குப் போயிட்டார். எல்லாரும் சௌக்கியம்" என்றேன்.

அவர் இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டார்.